இரண்டு நாற்காலி, ஒரே முகம்

எனக்கு வாய் நீளம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் வாயைத் திறந்தே ஆக வேண்டிய ஒரு நேரத்தில் மூடிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி நான்.

எங்கள் பியூட்டி பார்லர் ஒரே அறை. நடுவில் ப்ளைவுட் தடுப்பு. வாசல் பக்கம் என்னுடையது, பின்பக்கம் என் கொழுந்தன் பெண்டாட்டியுடையது. ஓரகத்திகள் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த கடைதான். முதல் நான்கு வருஷம் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக இருந்தோம். அப்புறம் ஒருநாள் என் வாடிக்கையாளர் ஒருத்தியிடம் இவள், "அக்கா த்ரெட்டிங் பண்ணினா புருவம் எப்பவும் ஏதோ கேள்வி கேட்கிற மாதிரியே இருக்கும்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். அது என் காதுக்கு வந்தது. நான் பதிலுக்கு அவளுடைய ஃபேஷியலைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அடுத்த வாரமே தச்சரை வரவழைத்து ப்ளைவுட் அடித்தாயிற்று. அவளுக்குச் சந்துப் பக்கமாகத் தனிக் கதவு. வாடிக்கையாளர் அட்டைகளும் இரண்டு பெட்டியாகப் பிரிந்தன. என் பெட்டியை அவள் தொடமாட்டாள், அவள் பெட்டியை நான் தொடமாட்டேன். பதினாலு மாதமாக ஒரு பேச்சு இல்லை.

வீடு மட்டும் ஒன்று. கீழே நாங்கள், மேலே அவர்கள். எங்களுக்கு நடுவில் சிட்டு.

சிட்டு என் நாத்தனார். மாமியார் போன பிறகு அந்த வீட்டுக்கு மகளும் அவள்தான், நடுவரும் அவள்தான். "பெரியண்ணி, மோட்டார் போட்டா நிறுத்தச் சொன்னாங்க சின்னண்ணி", "சின்னண்ணி, கேஸ் நாளைக்கு வருமாம், பெரியண்ணி சொல்லச் சொன்னாங்க" என்று மாடிப்படியில் ஏறி இறங்கியே அவள் கால் தேய்ந்திருக்கும். கோள் மூட்டத் தெரியாது அவளுக்கு. நாங்கள் இரண்டு பேரும் கடுப்பில் சொல்லி அனுப்புவதைப் பாதி வழியில் இனிப்பாக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

அவளுக்கு டிவியில் செய்தி வாசிக்க வேண்டும் என்று வெறி. இரண்டு வருஷமாகக் காலையில் சமையலறையில் நின்று பேப்பரைச் சத்தமாக வாசிப்பாள். குக்கர் விசில் அடித்தால்கூட நிறுத்தமாட்டாள், குரலை ஏற்றுவாள். கடைசியில் ஒரு சேனலிலிருந்து கேமரா டெஸ்டுக்குக் கூப்பிட்டார்கள். ஆறு வாரத்தில் ஒரு திங்கட்கிழமை. குரல் பிடித்துப்போயிற்றாம், முகம் திரையில் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டுமாம்.

முகம் என்றதும் எனக்குக் கை பரபரத்தது. திரையில் பளிச்சென்று வரப்போகிற முகம், அது என் கையால் வந்தது என்று நாலு பேர் சொல்ல வேண்டும். சிட்டுவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். வாரத்துக்கு இரண்டு தடவை குருணைக் கிரீம் வைத்துத் தேய்க்கிற ஸ்க்ரப், சனியும் புதனும். வாரத்துக்கு ஒன்றே அதிகம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பதினொரு வருஷமாக இதே தொழில். ஆனால் நம் வீட்டுப் பெண், நம் கை, என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒரு திமிர்.

"சிட்டு, நீ அந்தப் பக்கம் போறியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஐயோ, இல்ல பெரியண்ணி. உங்ககிட்ட மட்டும்தான்" என்றாள்.

பொய். நான்காவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் கன்னம் மெழுகு தடவியது மாதிரி மினுங்கியது. பார்க்கிறவர்கள் ஆகா ஓகோ என்பார்கள், எண்ணெய் இல்லாத அந்த மினுக்கு நல்ல மினுக்கு இல்லை என்று தொழில் தெரிந்தவளுக்குத் தெரியும். மேல்தோல் போய்விட்டதால் வருகிற மினுக்கு அது. சிரித்தால் தோல் இழுக்கிறது என்றாள். மூக்கு ஓரத்தில் மெல்லிசாகச் செதில். தாடையில் பொடிப்பொடியாகப் பொரிந்திருந்தது. சாதாரண கிரீமைத் தடவினேன், "ஸ்ஸ், எரியுது" என்று தலையைப் பின்னால் இழுத்தாள். பச்சைக் குழந்தைக்குத் தடவுகிற கிரீம் அது. அது எரிகிறது என்றால் தோலில் காவல் இல்லை என்று அர்த்தம். அப்படி ஒரு முகத்தோடு யார் வந்தாலும் "ஒரு மாசம் எதுவும் போடாதீங்க, போய் வாங்க" என்று திருப்பி அனுப்புவேன்.

இவளை அனுப்பவில்லை. அந்தச் செதிலைப் பார்த்ததுமே இது ப்ளைவுட்டுக்கு அந்தப் பக்கத்து வேலை, மேல்தோலை உரிக்க ஆசிட் தடவுகிற பீல் என்று புரிந்துபோயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கை பட்ட அடையாளத்தை என் கையால் அழித்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. "புதுக் கிரீம், பழகிடும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பொரியின் மேலேயே இன்னும் இரண்டு சுற்று தேய்த்தேன்.

டெஸ்டுக்கு முந்தின புதன்கிழமை மாலை கடைசித் தடவை. நன்றாகவே தேய்த்தேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. என் நாற்காலியில் ஒரு டீச்சர், புருவம் எடுக்க வந்தவர். வலது புருவம் முடிந்து இடதில் பாதி. நூலின் ஒரு முனை என் பல்லுக்கிடையில். அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் சந்துக் கதவு திறந்து மூடியது. செருப்பு கழற்றும் சத்தம்.

"சின்னண்ணி, சீக்கிரம் முடிச்சிடுங்க. ஆஃபீசுக்குப் பர்மிஷன் போட்டிருக்கேன்."

சிட்டுவின் குரல்.

"மூணே நிமிஷம். கடைசி பீல். திங்கட்கிழமை நீ கண்ணாடி மாதிரி இருப்ப. எரிச்சல் கிரிச்சல் எதுவும் இல்லையே? வேற எதுவும் போடலையே?"

நாற்காலி கிறீச்சென்றது.

"இல்ல, சின்னண்ணி" என்றாள் சிட்டு.

என் கை நின்றுவிட்டது. நேற்று மாலைதான் தேய்த்திருக்கிறேன். பதினாறு மணி நேரம்கூட ஆகவில்லை. தேய்த்த தோலில் ஆசிட் வைத்தால் அது மேலே நிற்காது, உள்ளே இறங்கும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

டைமரைத் திருகும் சத்தம் கேட்டது. அவளுடையது முட்டை வேகவைக்கிற சமையல் டைமர். அதை ப்ளைவுட்டில் அடித்த பலகையில்தான் வைத்திருப்பாள். என் பக்கம் காதுக்குள் ஓடுவது மாதிரி ஓடும். டிக், டிக், டிக்.

வாயில் நூல் இருந்தது. உடனே கத்தாததற்கு அதைக் காரணம் சொல்லலாம். நூலைத் துப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

துப்பினேன். "ஒரு நிமிஷம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தடுப்பை ஒட்டிப் போய் நின்றேன். என் செருப்பு கொஞ்சம் சத்தம் போடுகிற செருப்பு. ப்ளைவுட்டுக்கும் எனக்கும் இடையில் ஒரு சாண் இருக்கும்.

"எரியுது, சின்னண்ணி."

"கொஞ்சம் எரியத்தான் செய்யும். எரியலேன்னா வேலை செய்யலேன்னு அர்த்தம். பல்லைக் கடிச்சுக்கோ."

டிக், டிக்.

தட்டியிருக்கலாம். "எடுடி" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் பதினாலு மாதம் கழித்து முதலில் பேசுவது நானா? அதுவும் என்னவென்று? நேற்று நான் தேய்த்தேன், நீ எடு என்றா? நாளைக்கு வீடு முழுக்க, தெரு முழுக்க, "அக்கா தேய்ச்சுக் கெடுத்த தோல்" என்று சொல்லமாட்டாளா? இதற்குக் கீழே இன்னொன்று ஓடியது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லி என்ன பிரயோஜனம்? கொஞ்சம் சிவக்கட்டுமே என்று நினைத்தேன். சிவந்தால் இவள் வண்டவாளம் தண்டவாளம் ஏறும், சிட்டு இனி அந்தப் பக்கம் போகமாட்டாள் என்று நினைத்தேன்.

"எரியுது!" இந்தத் தடவை சத்தமாக. என் காதுக்கே சொன்னது மாதிரி சத்தமாக. "ரொம்ப எரியுது!"

"பாதி தாண்டியாச்சு, தங்கம். இன்னும் கொஞ்சம்."

டீச்சர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, யாருக்கு என்ன?" என்றார். அவருடைய ஒரு புருவம் கேட்டது, இன்னொன்று பாதியில் நின்றது.

"ஐயோ!"

அது சிட்டுவின் குரல் மாதிரியே இல்லை. நான் வாசல் வழியாக வெளியே ஓடி, சந்தில் திரும்பி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

இடது கன்னத்திலும் தாடையிலும் வெள்ளை பூத்திருந்தது. உப்பு காய்ந்தது மாதிரி. மற்ற இடமெல்லாம் செக்கச்செவேல். ஓரகத்தி பிரஷும் கையுமாக நின்றவள் சிட்டுவின் முகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னை ஏன்டி பாக்குற? தண்ணி! குழாயைத் திற!"

பதினாலு மாதத்தில் அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

சிட்டுவின் தலையைப் பிடித்து வாஷ்பேசினில் சாய்த்தேன். குழாய்த் தண்ணீரைக் கன்னத்தில் ஓட விட்டேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தி ஓடிப்போய் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து வந்தாள். "ஐஸ் வேண்டாம், இன்னும் புண்ணாகும். வெறும் தண்ணி போதும், கண்ணுல படாம பிடி" என்றேன். பிடித்தாள். பின்னால் டைமர் மணி அடித்தது. யாரும் அதை நிறுத்தவில்லை, அதுவாக அடித்து ஓய்ந்தது.

இருபது நிமிஷம் தண்ணீர் விட்டோம். வெள்ளை போகவில்லை.

டாக்ஸி பிடித்துத் தோல் டாக்டரிடம் போனோம். இரண்டு பேரும் ஏப்ரனைக் கழற்ற மறந்துவிட்டோம். வண்டியில் சிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் ஈரத் துணி. "திங்கட்கிழமைக்குள்ள சரியாயிடும்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

டாக்டர் அம்மாவுக்கு என்னைவிட வாய் நீளம். விளக்கை இழுத்து முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தார். "மூஞ்சியா, அடிப்பிடிச்ச பாத்திரமா இது? யார் பண்ணினது?"

"நானேதான் டாக்டர்" என்றாள் சிட்டு. "வீட்டுல. ஆன்லைன்ல வாங்கி."

டாக்டர் என் ஏப்ரனைப் பார்த்தார். பிறகு ஓரகத்தியின் ஏப்ரனைப் பார்த்தார். "இவங்க?"

"அண்ணிங்க."

"சரி. அண்ணிங்க காதுலயும் விழட்டும். என்ன ஆசிட், எவ்வளவு வீரியம், எத்தனை நிமிஷம், அதுக்கு முன்னாடி என்ன தேய்ச்சது, இது தெரியாம நான் மருந்து எழுதினா அந்த மருந்தும் சேர்ந்து எரிக்கும். தழும்பு நின்னுச்சுன்னா அப்புறம் யார் மேல பழி போட்டாலும் அது போகாது."

ஓரகத்திதான் முதலில் பேசினாள். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். "கிளைகாலிக் ஆசிட், டாக்டர். முப்பது பர்சன்ட். நான்தான். வாரத்துக்கு ஒண்ணு, இன்னையோட ஆறு. மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி."

"வாராவாரமா? ரெண்டு, மூணு வாரம் இடைவெளி வேணாமா? ஸ்க்ரப்?"

"சத்தியமா இல்ல டாக்டர். நான் கேட்டுட்டுத்தான் வச்சேன். எதுவும் போடலைன்னு சொன்னா."

சிட்டு தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரின் மானத்தையும் தன் முகத்தில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"நேத்து சாயந்திரம் தேய்ச்சேன்" என்றேன். "வாரத்துக்கு ரெண்டு. ஆறு வாரமா. நான்."

ஓரகத்தி என் பக்கம் திரும்பினாள். திட்டவில்லை.

டாக்டர் விரல் விட்டு எண்ணினார். "பன்னெண்டும் ஆறும் பதினெட்டு. நாப்பது நாள்ல பதினெட்டு தடவை. உங்க கணக்குல நீங்க சரி, உங்க கணக்குல நீங்க சரி. அவகிட்ட தோல் ஒண்ணுதானே இருக்கு?"

பிறகு சிட்டுவிடம் குரலைத் தணித்துச் சொன்னார். தேய்ப்பது, உரிப்பது, நுரை அதிகமான சோப்பு எல்லாம் இன்றோடு நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர், வாசனை இல்லாத கிரீம், புண்ணான இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லி, ஒரு களிம்பு. உரிகிற தோலைக் கையால் பிய்க்கக் கூடாது. வெயில் பட்டால் கறுத்துவிடும், தொப்பி வேண்டும், தோல் மூடியதும் சன்ஸ்கிரீன். இறுக்கம், மினுக்கு, சாதாரண கிரீமுக்கே எரிச்சல், இந்த மூன்றில் ஒன்று வந்தபோதே நிறுத்தியிருந்தால் இரண்டு வாரத்தில் தானாக ஆறியிருக்கும் என்றார்.

"திங்கட்கிழமை மேக்கப் போடலாமா டாக்டர்?"

"ஒரு மாசத்துக்கு எதுவும் கூடாதும்மா."

சிட்டு அழவில்லை. அழுதால் உப்புத் தண்ணீர் எரியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "எரியுதுன்னு சொன்ன உடனே கழுவினீங்களா?"

"கொஞ்சம் எரியும்னு நினைச்சேன்" என்று ஓரகத்தி தேம்பினாள். "என் தப்புதான் டாக்டர், எல்லாம் என் தப்பு."

"முதல் தடவை சொன்னப்பவே எடுத்திருந்தா வெறும் சிவப்போட போயிருக்கும். அதுக்கப்புறம் போன ஒரு நிமிஷம்தான் இந்த வெள்ளை."

அந்த ஒரு நிமிஷம் யாருடையது என்று எனக்குத் தெரியும். ஓரகத்திக்கு நேற்று தேய்த்தது தெரியாது, எனக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு இரண்டாவது தடவையாக வாயை மூடிக்கொண்டேன்.

சேனலுக்குச் சிட்டுவே போன் பண்ணினாள். தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் மாலை ஏழு மணிச் செய்தி வாசிக்கிறாள். சிட்டு தினமும் பார்க்கிறாள். பார்க்கும்போது அவள் உதடும் கூடவே அசையும். காலையில் சமையலறையில் பேப்பர் வாசிப்பது நின்றுபோயிற்று. குக்கர் இப்போது தனியாக விசில் அடிக்கிறது.

ப்ளைவுட்டை நானும் ஓரகத்தியுமாகச் சேர்ந்தே கழற்றினோம். அட்டைப் பெட்டி ஒன்றாயிற்று. யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் கேள்வி, "கடைசியா எப்போ, எங்க, என்ன தேய்ச்சீங்க? வீட்டுல என்ன போடுறீங்க?" பாதிப் பேர் எரிச்சலாகிறார்கள். கன்னம் மினுங்க வந்து, நாளைக்கு நிச்சயதார்த்தம், ஒரு ஸ்க்ரப் போடுங்கள் என்ற ஒருத்தியைப் போன வாரம் திருப்பி அனுப்பினோம். "கடையை மூடிட்டுப் போங்க" என்று திட்டிவிட்டுப் போனாள். ஓரகத்தியும் நானும் சிரித்துக்கொண்டோம். நாங்கள் பேசிக்கொள்கிறோம். அவள் இன்னும் ராத்தூக்கம் இல்லாமல் எல்லாப் பழியையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறாள். "நீங்க ஓடி வந்ததாலதான் அக்கா இந்த மட்டும் தப்பிச்சுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

அதைக் கேட்கக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை, சிட்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். தோல் மூடிவிட்டது. இடது கன்னத்தில் மட்டும் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பு. ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகும், மங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் சன்ஸ்கிரீன் ட்யூபை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன்.

"சிட்டு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க பெரியண்ணி."

"அன்னைக்கு நீ முதல்ல எரியுதுன்னு சொன்னப்பவே எனக்குக் கேட்டுது. நான் தடுப்புக்குப் பக்கத்துலதான் நின்னேன். உடனே வரல."

அவள் தலை சீவிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்க செருப்புச் சத்தம் கேட்டுச்சே. ப்ளைவுட் கிட்ட வந்து நின்னுச்சு. நேத்து தேய்ச்சாங்கன்னு நான் வாயால சொன்னா உங்க ரெண்டு பேருக்கும் மறுபடி சண்டை. அதான் உங்களுக்குக் கேட்கட்டும்னு சத்தமா சொன்னேன். இதோ வந்துடுவாங்க, இதோ வந்துடுவாங்கன்னுதான் பொறுத்துக்கிட்டே இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மோட்டார் நிறுத்தச் சொன்னார்கள் என்று சொல்வாளே, அந்தக் குரலில்தான் சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தவள், அதற்குப் பதிலாக ட்யூபைத் திறந்து விரலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு எழுந்து அவள் கன்னத்தருகே கையைக் கொண்டுபோனேன்.

சிட்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தலை தானாகப் பின்னால் போயிற்று.

உடனே கண்ணைத் திறந்து, "ஐயோ, சும்மா கூச்சம் பெரியண்ணி" என்று சிரித்தாள். பிறகு என் கையிலிருந்த ட்யூபை மெதுவாக வாங்கி, கண்ணாடிப் பக்கம் திரும்பி, தானே தடவிக்கொண்டாள்.